தந்தையரை ஆராய்ந்த மைக்கேல் லேம்

குழந்தை வளர்ச்சியில் தந்தையின் பங்கை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் உளவியலாளர் மைக்கேல் லேம். இன்றைய ஜாம்பியாவில் 1953-இல் பிறந்தவர். தென்னாப்பிரிக்காவில் பட்டம் பெற்று அமெரிக்கா சென்ற அவர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தாய்-சேய் பிணைப்பை ஆராய்ந்த மேரி ஐன்ஸ்வொர்த்திடம் பயின்றார். 1976-இல் யேலில் முனைவரானார்.

தாய்க்கும் சேய்க்குமான பிணைப்பே அப்போது துறையின் மையம். உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951-இல் மனநல மருத்துவர் ஜான் பவுல்பி எழுதிய அறிக்கை, தந்தையை முக்கியமாகத் தாய்க்குத் துணை நிற்பவராகவே பார்த்தது. லேம் 1975-இல், மாணவராக இருந்தபோதே, வெளியிட்ட கட்டுரையின் தலைப்பு தந்தையரை 'மறக்கப்பட்ட பங்களிப்பாளர்கள்' என்றது.

வாதத்தோடு அவர் நிற்கவில்லை. 7, 8 மாதக் குழந்தைகளை அவரவர் வீட்டிலேயே கவனித்தார். 12, 13 மாதங்களிலும் போய்ப் பார்த்தார். குழந்தைகள் தாய், தந்தை இருவரிடமுமே ஒட்டுதல் காட்டின. தாய் பெரும்பாலும் பால் கொடுக்க, துடைக்க, உடை மாற்றத் தூக்கினார். தந்தை விளையாடத் தூக்கினார். இது ஆணின் இயல்பா, பழக்கமா? 1974-இலேயே தந்தைக்கும் குழந்தை பராமரிப்பு விடுப்பைத் திறந்துவிட்ட ஸ்வீடனில், உளவியலாளர் பிலிப் ஹ்வாங்குடன் இணைந்து அவர் இதைச் சோதித்தார். அங்கே தந்தையர் தாய்மாரைவிட அதிகமாக விளையாடவில்லை. மத்திய ஆப்பிரிக்காவின் ஆக்கா மக்களிடம் மானிடவியலாளர் பேரி ஹியூலெட் கண்டதும் இதற்கு ஒத்துப்போனது: நாளில் ஏறக்குறைய பாதிப் பொழுது குழந்தையின் அருகிலேயே இருக்கும் அந்தத் தந்தையர் முரட்டு விளையாட்டில் அவ்வளவாக இறங்குவதில்லை.

தந்தையின் ஈடுபாட்டை அளக்க, உளவியலாளர் ஜோசப் பிளெக் முதலியோருடன் 1980-களில் லேம் வகுத்த முறை இன்றும் புழங்குகிறது. பிள்ளையோடு நேரடியாகச் செலவிடும் நேரம் ஒன்று; கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருப்பது மற்றொன்று; மூன்றாவது பொறுப்பு. தடுப்பூசி எப்போது, காய்ச்சல் வந்தால் யார் வேலைக்கு விடுப்பெடுப்பது என்றெல்லாம் மனத்தில் சுமப்பதே பொறுப்பு. முதல் இரண்டில் நல்ல மதிப்பெண் வாங்கும் அப்பாக்கள் பலர் தடுமாறுவது இங்கேதான்.

அமெரிக்க அரசின் குழந்தை நல ஆய்வு நிறுவனத்தில் 1987 முதல் 2004 வரை பணியாற்றியபோது, வன்கொடுமைக்கு ஆளான குழந்தைகளிடம் பதிலைத் திணிக்காமல் விசாரிக்கும் நெறிமுறையை அவரது குழு உருவாக்கியது; அது பல நாடுகளுக்குப் பரவியது. பிறகு கேம்பிரிட்ஜில் பேராசிரியரானார்.

ஆய்வுகள் பெருகப் பெருக, லேமின் கருத்தும் நகர்ந்தது. பெற்றவர் ஆணா பெண்ணா என்பதைவிட, அவர் காட்டும் அன்பும் குடும்பத்தின் நிலைமையும் பிள்ளைகளுக்கு முக்கியம் என்ற முடிவுக்கு வந்தார். கலிஃபோர்னியாவின் ஒருபாலினத் திருமணத் தடை வழக்கில், 2010 ஜனவரியில், ஒருபாலினப் பெற்றோரின் பிள்ளைகளும் மற்றவர்களைப்போலவே நன்றாக வளர்கிறார்கள் என்று சாட்சியமளித்தார். தாயும் தந்தையும் வெவ்வேறு விதத்தில் இன்றியமையாதவர்கள் என்ற அவரது 1970-களின் எழுத்தைக் காட்டி எதிர்த்தரப்பு மடக்கப் பார்த்தது. பிந்தைய ஆய்வுகளால் தன் கருத்து மாறியதாக அவர் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில் தடையைச் செல்லாததாக்கிய நீதிபதி வான் வாக்கர், லேமின் சாட்சியத்தையும் தீர்ப்பில் ஏற்றுக்கொண்டார்.