பூனை சாப்பிடலையா? வாயைப் பாருங்கள்!

பூனைக்குப் பாலும் சாதமும் போதும் என்றுதான் பல வீடுகளில் நினைப்பு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் ஜீரணமாகாது, கழிச்சல்தான் காணும். அது மாமிச ஜாதி. மீன், கோழியில் உள்ள டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். முள், எலும்பு நீக்கி வேகவைத்துப் போடுங்கள். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு வேண்டவே வேண்டாம், ரத்தசோகை வரும்.

வளர்ந்த பூனைக்கு 30 பற்கள். வாய் நாறுகிறதா, தலையைச் சாய்த்து ஒரு பக்கமாக மெல்லுகிறதா, எச்சில் ஒழுகுகிறதா? ஈறு சிவந்து, கடைவாய்ப் பல்லில் பழுப்புக் காறை தெரியும். பசித்தாலும் வலிக்குப் பயந்து தட்டை முகர்ந்துவிட்டுப் போய்விடும். நமக்குப் பல்வலி என்றால் ஊரையே கூட்டுவோம். அது மூலையில் சுருண்டுவிடும், பாவம்!

இன்னொரு எமன், பூத்தொடுக்கும் நூல். பூனை நாக்கின் முட்கள் உள்நோக்கி இருப்பதால், வாயில் சிக்கிய நூலைத் துப்பவும் வராது, விழுங்கிவிடும். ஒரு நுனி நாக்கடியில் மாட்டிக்கொண்டு மறுநுனி குடலுக்குப் போனால், குடல் சுருக்குப்பை மாதிரி சுருங்கி அறுபடும். ஓயாமல் வாந்தியெடுத்தால் நாக்கடியைப் பாருங்கள். நூல் தெரிந்தால் இழுக்கவே கூடாது. பின்புறம் தொங்கினாலும் அப்படியே. உடனே கால்நடை டாக்டரிடம் ஓடுங்கள். சென்னைவாசிகளுக்கு வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

வலிக்குதே என்று பாரசிட்டமால் மாத்திரையைக் கிள்ளிக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம். அரை மாத்திரையே உயிரைக் குடித்துவிடும்.

ஒரு நாள் முழுக்க எதையும் தொடாவிட்டால், 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருக்காதீர்கள். பட்டினியில் பூனையின் ஈரலில் கொழுப்பு அடைத்துக்கொள்ளும், குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரமாக.