எண்ணெய் அழுத்த எச்சரிக்கை விளக்கு

எண்ணெய் அழுத்த எச்சரிக்கை விளக்கு என்பது, கார் என்ஜினுக்குள் சுற்றிவரும் எண்ணெயின் அழுத்தம் மிகவும் குறைந்துவிட்டதை ஓட்டுநருக்கு அறிவிக்கும் சிவப்பு விளக்கு ஆகும். நீண்ட மூக்குடைய எண்ணெய்க் குவளையும் அதன் நுனியில் ஒரு சொட்டும் இதன் குறியீடாகும். இது எண்ணெயின் அளவைக் காட்டும் விளக்கு அன்று. அளவு குறைவதைக் காட்டச் சில கார்களில் மஞ்சள் நிறத்தில் தனி விளக்கு உண்டு.

அழுத்தம் ஏன் தேவை

என்ஜினின் அடியிலுள்ள சம்ப்பில் எண்ணெய் தேங்கியிருக்கும். என்ஜின் ஓடும்போது எண்ணெய் பம்பு அதை உறிஞ்சி, ஆயில் ஃபில்டர் வழியாக கிராங்க்ஷாஃப்ட், கேம்ஷாஃப்ட் ஆகியவற்றின் பேரிங்குகளுக்கு அனுப்புகிறது. சுழலும் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் நின்று, உலோகம் உலோகத்தைத் தொடாமல் காக்கிறது. எண்ணெய் வரத்து நின்றால் படலம் அறுபட்டு, பேரிங் சூடாகித் தேயும். சில நிமிடங்களிலேயே என்ஜின் இறுகி நின்றுவிடக்கூடும். இதையே மெக்கானிக்குகள் ‘என்ஜின் சீஸ் ஆகிவிட்டது’ என்பர்.

செயல்படும் விதம்

என்ஜினில் பொருத்தப்பட்ட அழுத்த சுவிட்சு இவ்விளக்கை இயக்குகிறது. பல கார்களில் அழுத்தம் சுமார் 0.3 முதல் 0.5 பார் வரை இறங்கும்போதுதான் விளக்கு எரியும். சூடான என்ஜின் சாலையில் ஓடும்போது இருக்கும் அழுத்தம் பொதுவாக 2 பாருக்கும் அதிகம். எனவே இவ்விளக்கு முன்கூட்டியே எச்சரிப்பதில்லை. ஆபத்து வந்துவிட்டதையே தெரிவிக்கிறது.

சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்து, என்ஜின் ஓடத் தொடங்கிய சில நொடிகளில் அணைய வேண்டும். சாவியைத் திருப்பியும் எரியாவிட்டால் விளக்கோ அதன் மின்கம்பியோ பழுதாகியிருக்கலாம். அந்நிலையில் அழுத்தம் குறைந்தாலும் எச்சரிக்கை கிடைக்காது.

காரணங்கள்

* கசிவாலோ எரிந்துபோவதாலோ எண்ணெய் குறைதல்
* வேகத்தடையிலோ கல்லிலோ இடித்துச் சம்ப் உடைதல்
* எண்ணெய் பம்பு அல்லது பேரிங்குகள் தேய்தல்
* உறிஞ்சு குழாயின் வலையைக் கசடு அடைத்தல்
* பெட்ரோலோ டீசலோ கலந்து எண்ணெய் நீர்த்துப்போதல்
* சுவிட்சு பழுதாதல்

தேய்ந்த என்ஜினில், வண்டி நிற்கும்போது மட்டும் விளக்கு மினுக்கி, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அணைவதுண்டு. வேகம் கூடினால் பம்பின் அழுத்தமும் கூடுவதே காரணம். இதைச் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

செய்ய வேண்டியவை

ஓடும்போது விளக்கு எரிந்தால், பாதுகாப்பான ஓரத்தில் வண்டியை நிறுத்தி உடனே என்ஜினை அணைக்க வேண்டும். சமதளத்தில் சில நிமிடங்கள் காத்திருந்து டிப்ஸ்டிக்கைத் துடைத்து அளவு பார்க்க வேண்டும். எண்ணெய் குறைவாக இருந்து, கசிவும் தென்படாவிட்டால், உரிய தர எண்ணெயை மேல்குறியைத் தாண்டாமல் ஊற்றி என்ஜினை இயக்கிப் பார்க்கலாம். சில நொடிகளில் விளக்கு அணையாவிட்டால் மீண்டும் அணைத்துவிட வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் வண்டியை ஓட்டாமல் இழுத்துச் செல்வதே முறை. பழுது சுவிட்சில்தானா என்பதை, அதைக் கழற்றிவிட்டு அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்து மெக்கானிக் உறுதிசெய்வார். சுவிட்சு மாற்றுவது சிறிய செலவு. சீஸ் ஆன என்ஜினைப் பிரித்துச் சீரமைப்பது பெருஞ்செலவு.