அடிபட்ட மயிலைத் தூக்கினால் கேஸ் வருமா? என்ன செய்யணும்?

ரோட்டோரம் ஒரு மயில் அடிபட்டுக் கிடக்கிறது. ‘தொட்டால் கேஸ் ஆகிடும்’ என்ற பயத்திலேயே பலர் கடந்து போய்விடுகிறார்கள். உண்மை என்ன?

மயில், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது ரூ.25,000 அபராதம். பிடிப்பது, காயப்படுத்துவதும் இந்தச் சட்டப்படி வேட்டைதான். அதனால், காப்பாற்றும் எண்ணத்தில் எடுத்துப் போய், சொல்லாமல் வீட்டில் வைத்திருந்தாலும் சிக்கல்தான்.

என்ன செய்யணும்?

* முதலில் வனச்சரக அலுவலகத்துக்கு போன் பண்ணுங்க. நம்பர் தெரியலையா? 112-க்கு அழைத்து இடத்தைச் சொல்லுங்க.

* ஆட்கள் வரும்வரை நாய், கூட்டம் நெருங்காமல் பார்த்துக்கோங்க.

* தூக்கச் சொன்னால் மட்டும் தொடுங்க. மெல்லிய துணியால் தலையை மூடினால் மயில் மிரளாது. கால் நகம் கிழிக்கும், கவனம்.

* வாயில் தண்ணீர் ஊற்றாதீங்க. மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிரே போய்விடும்.

மயில் இறந்து கிடந்தாலும் இறகு, கறி எதையும் எடுக்கக் கூடாது. அது அரசுச் சொத்து. உங்கள் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் போலீஸ் அல்லது வனத்துறைக்குச் சொல்லியாக வேண்டும்.

போன் பண்ணின நேரத்தைக் குறிச்சு வைங்க. நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் அதுதான் உங்களுக்குச் சாட்சி.