வடிச்ச தண்ணியைக் கீழ ஊத்தாதீங்க

போன செமஸ்டர்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாங்க நாலு பேர் தங்கியிருக்கிற வாடகை வீட்டுல, "இன்னைக்கு நைட் இத்தாலியன் டின்னர்"னு நான் பெருமையா அறிவிச்சேன். ஒரு மணி நேரம் கழிச்சு நாலு பேரும் தெருமுனைக் கடையில பரோட்டா சாப்பிட்டுட்டு இருந்தோம். நான் செஞ்சது கசந்தது. மேல எண்ணெய் மிதந்தது, அடியில ஸ்பகெட்டி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கயிறு மாதிரி கிடந்தது. ஒருத்தன் கெச்சப் ஊத்தித் திங்கலாமான்னு கேட்டான். அதுதான் ரொம்ப வலிச்சது.

இத்தனைக்கும் நான் எடுத்தது சுலபமான அயிட்டம். பேரு 'ஆல்யோ எ ஓல்யோ'. பூண்டும் எண்ணெயும்னு அர்த்தம், அவ்வளவுதான். நேப்பிள்ஸ் பக்கத்து ஏழை வீட்டுச் சமையல். ராத்திரி லேட்டா வீடு திரும்பற இத்தாலிக்காரங்க, வீட்டுல ஒண்ணுமே இல்லைன்னா இதைத்தான் செய்வாங்க. இந்த நடுராத்திரி ஸ்பகெட்டி விருந்துக்கு அவங்க ஊர்ல தனிப் பேரே இருக்கு. ஹாஸ்டல்ல நடுராத்திரி மேகி போடறவங்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை.

ஏன் சொதப்புச்சுன்னு அப்புறம் உட்கார்ந்து யோசிச்சேன். ரெண்டு தப்பு. ரெண்டுமே நம்ம வீட்டுச் சமையலைப் பார்த்து வளர்ந்த கையால வந்தது.

முதல் தப்பு தாளிப்பு. நாம எண்ணெயை நல்லா காயவெச்சு, கடுகு வெடிச்சதும் மத்ததைப் போடுவோம். அப்படியே காய்ஞ்ச எண்ணெயில பூண்டைப் போட்டேன். மெல்லிசா நறுக்கின பூண்டு அரை நிமிஷத்துல கருகிடுச்சு. கருகின பூண்டு கசக்கும், அந்தக் கசப்பு மொத்த எண்ணெய்லயும் இறங்கிடும். இந்த டிஷ்ல எண்ணெய்தான் குழம்பே, அதனால ஒளிய இடமே கிடையாது. சரியான வழி நேர் எதிர். அடுப்பைப் பத்தவைக்கறதுக்கு முன்னாடியே, குளிர்ந்த எண்ணெயில பூண்டைப் போடணும். ரொம்பக் கம்மி சூட்டுல வெச்சா பூண்டைச் சுத்திச் சின்னச் சின்னதா நுரைக்கும், வாசனை மெதுவா எண்ணெயில இறங்கும். வெளிர் தங்க நிறம் வர ஆரம்பிச்சதும் கிள்ளின வரமிளகாயைப் போட்டு உடனே இறக்கிடணும். அடுப்பை அணைச்சப்புறமும் எண்ணெய்ச் சூட்டுல பூண்டு இன்னும் கொஞ்சம் சிவக்கும், அதைக் கணக்குல வெச்சுக்கோங்க.

(மிளகாய் இத்தாலிக்கும் வந்த சரக்குதான். 1492-க்கு அப்புறம் அமெரிக்கக் கண்டத்துல இருந்து ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து நம்ம ஊருக்கும் வந்துச்சு. அந்த வகையில நாம சொந்தக்காரங்க.)

ரெண்டாவது தப்புதான் பெரிசு. ஸ்பகெட்டி வெந்ததும் தண்ணியை சிங்க்ல வடிச்சுட்டு, ஒட்டக்கூடாதுன்னு குழாய்த் தண்ணில அலசினேன். சாஸையே சாக்கடையில ஊத்திட்டேன்னு அப்போ எனக்குத் தெரியாது.

கோதுமைக்குள்ள ஸ்டார்ச் குட்டிக் குட்டி மணிகளா இருக்கு. வெந்நீர்ல, 60 டிகிரி வாக்குல, அது தண்ணியை உறிஞ்சி வீங்கும். கொஞ்சம் உடைஞ்சு வெளியில கரையும். தண்ணி கலங்கலா மாறுறது அதனாலதான். சோறு வடிக்கும்போது வர்ற கஞ்சித்தண்ணி மாதிரியேதான். எங்க பாட்டி அதைக் காட்டன் புடவைக்குப் போட்டு மொடமொடன்னு ஆக்குவாங்க. இந்தப் பாஸ்தாக் கஞ்சிக்கு வேற வேலை. எண்ணெயும் தண்ணியும் சேராதுன்னு நமக்குத் தெரியும். வேகமாக் கலக்கினா எண்ணெய் துளித்துளியாப் பிரியும், விட்டா மறுபடி ஒண்ணு சேர்ந்து மேல வந்துடும். ஆனா தண்ணில ஸ்டார்ச் இருந்தா அது கெட்டியாகி, துளிகள் ஒண்ணோட ஒண்ணு சேர விடாமப் பிடிச்சு வெச்சுக்கும். ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரில மார்க்குக்காக மனப்பாடம் பண்ணின எமல்ஷன் இதுதான். கிரீமே போடாம கிரீம் மாதிரி சாஸ் வர்ற ரகசியமும் இதுதான்.

இது தெரிஞ்சப்புறம் அடுத்த வாய்ப்புக்காகக் காத்திருந்தேன். ரூம்மேட் ஒருத்தனுக்கு ஆறு மாச இன்டர்ன்ஷிப் புனேல கிடைச்சது. கெச்சப் கேட்ட அதே ஆள். கிளம்பற அன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கு ரயில். எட்டரைக்குச் சாப்பாடு, இந்தத் தடவை பரோட்டா இல்லைன்னு சொல்லிட்டேன்.

கடையில ரெண்டு விஷயம் பார்த்து வாங்குங்க. பாக்கெட்ல டியூரம் கோதுமை ரவைன்னு போட்டிருக்கணும். அந்தக் கோதுமைல புரதம் அதிகம், வெந்தாலும் குழையாது. உலர் பாஸ்தாவை அதுலதான் செய்யணும்னு இத்தாலியில 1967-ல சட்டமே போட்டிருக்காங்க. மைதா பாஸ்தா வாங்கினா களிதான். ஆலிவ் ஆயில் எக்ஸ்ட்ரா விர்ஜின்னா நல்லது. விலை கம்மியா இருக்கேன்னு பொமேஸ் எடுத்தீங்கன்னா அதுல பெரிசா வாசனை இருக்காது. சின்ன பாட்டில் போதும்.

நாலு பேருக்கு 400 கிராம் ஸ்பகெட்டி, 100 மில்லி எண்ணெய், பெரிய பல் பூண்டு எட்டு, வரமிளகாய் மூணு. பார்ஸ்லி கிடைச்சாப் போடுங்க, இல்லைன்னா விட்டுடுங்க. கொத்தமல்லியை அதுக்குப் பதிலாப் போட்டா வேற ஏதோ டிஷ் ஆயிடும். நூறு கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணி, பத்து கிராம் உப்புங்கறது இத்தாலிக்காரங்க கணக்கு. எங்ககிட்ட இருந்தது அஞ்சு லிட்டர் குக்கர், அதுல மூணு லிட்டர் தண்ணிக்கு மேல ஊத்தப் பயம். பரவாயில்லை, தண்ணி குறைஞ்சா கஞ்சி இன்னும் கெட்டியாகும். தண்ணிக்குத் தகுந்த மாதிரி உப்பையும் குறைச்சுக்கணும். குக்கரை மூடக்கூடாது. தண்ணில எண்ணெய் ஊத்தவும் வேண்டாம், அது சும்மா மேலதான் மிதக்கும். ஒட்டாம இருக்க முதல் ரெண்டு நிமிஷம் கிளறினாப் போதும்.

எங்ககிட்ட ஒரே ஒரு இன்டக்ஷன் அடுப்பு. அதனால பூண்டு எண்ணெயை முதல்ல செஞ்சு வாணலியோட ஓரமா வெச்சுட்டேன். அப்புறம் ஸ்பகெட்டி. பாக்கெட்ல ஒன்பது நிமிஷம்னா ஏழாவது நிமிஷத்துலயே இடுக்கியால தூக்கி வாணலியில போட்டுடணும். கடிச்சுப் பார்த்தா நடுவுல இன்னும் கொஞ்சம் விறைப்பா இருக்கும், அப்படித்தான் இருக்கணும். வாணலியை அடுப்புல வெச்சு, கஞ்சித்தண்ணி ரெண்டு கரண்டி ஊத்தி, நல்ல சூட்டுல ரெண்டு நிமிஷம் விடாமப் பிரட்டுங்க. முதல்ல சளசளன்னு இருக்கும். பயந்துடாதீங்க. திடீர்னு ஒரு கட்டத்துல சத்தம் மாறும், எண்ணெயும் தண்ணியும் தனித்தனியாத் தெரியாது, ஒவ்வொரு இழை மேலயும் பளபளன்னு ஒரு பூச்சு ஏறும். வறண்டு போற மாதிரி இருந்தா இன்னும் அரைக் கரண்டி. தனியா உப்பு போடாதீங்க, தண்ணில இருக்கறதே போதும்.

இதை ஆறவிடக் கூடாது, ஆறினா ஸ்டார்ச் இறுகிடும். அதனால எட்டு இருபத்தஞ்சுக்கே எல்லாரையும் தட்டோட உட்காரவெச்சுட்டேன். பேக் பண்ணிட்டு இருந்தவன் பாதியில எழுந்து வந்தான். கெச்சப் பாட்டிலை முன்னாடியே ஒளிச்சு வெச்சிருந்தேன், அவன் கேட்கவே இல்லை. ரெண்டாவது தடவை போட்டுக்கிட்டு, "மச்சி, இதை எப்படிச் செய்யறதுன்னு எழுதி அனுப்பு, அங்க மெஸ் எப்படியோ தெரியல"ன்னான். ரயில் கிளம்பினப்புறம் பிளாட்ஃபார்ம்ல நின்னுக்கிட்டே போன்ல டைப் பண்ணி அனுப்பினேன். முதல் வரி, வடிச்ச தண்ணியைக் கீழ ஊத்தாதடா.