விளையாட்டே ஆசானாகட்டும்

பிள்ளையின் கையில் கைத்தொலைபேசியைக் கண்டால் எமக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் அதே விளையாட்டு பிள்ளையின் உயிரைக் காக்கும் பாடத்தையும் சொல்லிக் கொடுக்கலாம்.

ஐஸ் ஹொக்கி ஆடும் சிறுவர்கள் தலையில் அடிபட்டதை மறைப்பதுண்டு. சொன்னால் அணியிலிருந்து நிறுத்தி விடுவார்கள் என்ற பயம். இதற்காகக் கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினி விளையாட்டு ஒன்றை உருவாக்கினார்கள். அதை விளையாடிய சிறுவர்கள் மூளை அதிர்ச்சியின் அறிகுறிகளைக் கூடுதலாக அறிந்து கொண்டார்கள் என 2006இல் வெளியான ஆய்வு கூறியது. பின்னர் வந்த இன்னொரு விளையாட்டில் முரட்டுத்தனமாக மோதினால் தோல்வி, நிதானமாக ஆடினால் வெற்றி. அதில் உபதேசம் எதுவும் இல்லை.

ஹுன்னஸ்கிரியவில் எமது பிள்ளைகள் ஆடுவது கிரிக்கெட்டும் கரப்பந்தும். ஆபத்து இங்கும் உண்டு. அவுஸ்திரேலிய வீரர் பிலிப் ஹியூஸ், தலைக்கவசம் அணிந்திருந்தும், 2014இல் கழுத்தில் பந்து பட்டு உயிரிழந்தார். தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக மாற்று வீரரை இறக்க சர்வதேச கிரிக்கெட் சபை 2019இல் அனுமதித்தது.

சகோதரிகளே, யுத்தத்தில் துணையை இழந்து தனித்து நின்று பிள்ளை வளர்ப்பவர்கள் எம்மில் பலர். "அம்மா பட்டது போதும்" என்று நினைத்தே சில பிள்ளைகள் தமது வலியை மறைக்கிறார்கள். ஆகவே அடிபட்டு வந்த பிள்ளையை முதலில் ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த முறை சொல்ல மாட்டான்.

கணினி இல்லாவிட்டாலும் இந்த விளையாட்டை வீட்டில் நடத்தலாம். பிள்ளையை அணித் தலைவராக்குங்கள். "உன் நண்பன் விழுந்து விட்டான். தலை சுற்றுகிறது என்கிறான். ஆட்டம் முடிய 5 நிமிடமே உள்ளது. என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். உடனே வெளியே அழைத்து வந்து ஆசிரியரிடம் சொல்வேன் என்றால் 10 புள்ளி. தொடர்ந்து ஆடவிடுவேன் என்றால் புள்ளி இல்லை. வெயிலில் ஓடுதல், தண்ணீர் குடித்தல் பற்றியும் இப்படியே கேட்கலாம்.

தலையில் அடிபட்டபின் கூடிவரும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, அசாதாரண தூக்கம், தடுமாற்றம், வலிப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். மலைப் பாதையில் நேரம் எடுக்கும் என்பதால் உடனே அழையுங்கள்.

ஓர் ஆட்டத்தில் தோற்றால் அடுத்த ஆட்டம் இருக்கிறது. அதை எமது பிள்ளைகள் விளையாடியே கற்றுக்கொள்ளட்டும்.