சுற்றுலா வருகிறது: நம் கடைத்தெரு தயாரா?

புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி செல்லும் சாலையில், வல்லத்திராக்கோட்டையில் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கு இதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சனி, ஞாயிறு, பண்டிகை விடுமுறை என்றால் இந்தச் சாலையில் வெளியூர் வண்டிகள் கூடிவிடுகின்றன. ஆவுடையார்கோயிலில் கல்லிலே செதுக்கிய கொடுங்கையைப் பார்க்கப் போகிறவர்கள், அதற்கும் அப்பால் மீமிசல், முத்துக்குடா பக்கம் கடலையும் அலையாத்திக் காட்டையும் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் இவ்வழியே போகிறார்கள். வழியில் ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்தினால் ஒரு டீ, இரண்டு தண்ணீர் பாட்டில், பிள்ளைகளுக்குச் சிப்ஸ் பாக்கெட், ஒரு சீப்பு வாழைப்பழம்.

இந்த வியாபாரத்தின் அருமை கல்லாவில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். பற்று நோட்டில் எழுத வேண்டியதில்லை. "அடுத்த வாரம் தருகிறேன் அண்ணாச்சி" என்ற பேச்சு இல்லை. கையில் காசு, இல்லையேல் போனைக் காட்டிப் பணம். 2024-ல் புதுக்கோட்டை மாநகராட்சி ஆகிவிட்டது. நகரில் தங்கிச் சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை, திருமயம் என்று சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் இனிக் கூடுவார்களே தவிர குறையப் போவதில்லை. அதில் நம் சாலைக்கும் ஒரு பங்கு உண்டு. வரட்டும், நல்லதுதான்.

ஆனால் நம்மிடம் வாங்கிய பாட்டிலை அவர் நம் கடை வாசலில் போடுவதில்லை. இரண்டு மைல் தள்ளி, கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலில் வீசிவிட்டுப் போகிறார். அவரை மறுபடி நாம் பார்க்கப் போவதில்லை. பாட்டில் மட்டும் இங்கேயே கிடக்கிறது. பஞ்சாயத்துக்காரர் கேட்டாலும், அதிகாரி வந்து கேட்டாலும், விற்ற கடையைத்தான் கேட்பார்கள். வாங்கியவரின் விலாசம் யாரிடமும் இல்லை.

இது எங்கே போய் முடியும் என்பதற்கு வெகு தூரம் பார்க்க வேண்டாம். நீலகிரியைப் பார்த்தால் போதும்.

2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்குப்படி, சீசன் காலத்தில் நீலகிரிக்குள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 வண்டிகள் நுழைந்தன. அதில் கார்கள் மட்டும் 11,500. இருசக்கர வண்டிகள் 6,500. மலைச்சாலை தாங்குமா, தண்ணீர் போதுமா, குப்பை எங்கே போகும், யானை எப்படி நடமாடும் என்று கேட்ட நீதிமன்றம், அவ்வாண்டு மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் என்றது. 2025 ஏப்ரல் முதல் அதற்கு எண்ணிக்கை வரம்பும் வந்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிக்கும் அரசுப் பேருந்துக்கும் அத்தியாவசியச் சரக்கு வண்டிக்கும் விலக்கு உண்டு. ஆனால் வாடிக்கையாளரின் காருக்கு வரம்பு வந்துவிட்டதே! ஏப்ரல் 2 அன்று நீலகிரி வணிகர்கள் கடையடைப்பு நடத்தினார்கள்.

அவர்களுடைய வயிற்றெரிச்சலை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். சீசனில் இரண்டு மாதம் சம்பாதித்து மீதிப் பத்து மாதம் தாக்குப்பிடிக்கும் கடைகள் அங்கே ஏராளம். ஆயினும் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளாஸ்டிக் ஒழிப்பு அந்த மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டையொட்டியே தொடங்கியது. தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகள் விழிப்பதற்கு முன்பே விழித்த மாவட்டம் அது. அப்படியிருந்தும் இருபது ஆண்டுகளில் வண்டியும் விடுதியும் பெருகிய வேகத்துக்கு ஏற்பாடுகள் ஈடுகொடுக்கவில்லை. முடிவில் வண்டி எத்தனை என்ற கணக்கை நீதிமன்றம் போட்டது. அந்தக் கணக்குப் போடும்போது கடைக்காரருக்கு அங்கே நாற்காலி இல்லை. நம் மாவட்டம் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. நமக்கு அவகாசம் இருக்கிறது.

நீலகிரியில் நடந்தவற்றில் நமக்கு மிகவும் பயன்படும் பாடம் இ-பாஸ் அன்று, பாட்டில்தான். காலி மதுப் பாட்டில்கள் காட்டில் உடைந்து கிடந்து யானையின் காலைக் கிழிக்கின்றன என்ற வழக்கில், 2022 மே மாதம் முதல் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாயைத் திருப்பித் தரும் முறை வந்தது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் அம்முறை பரவியது. அறிவிப்புப் பலகையும் அபராதமும் பல ஆண்டுகளாகச் செய்ய முடியாததைப் பத்து ரூபாய் செய்துவிட்டது.

சொல்லப்போனால் இது நம்முடைய பழைய வழக்கந்தான். முப்பது ஆண்டுகளுக்கு முன் எந்தத் தெருவிலாவது சோடா பாட்டிலோ கலர் பாட்டிலோ அநாதையாகக் கிடந்ததா? கிடக்கவில்லை. அக்காலத்து மக்கள் இக்காலத்தவரைவிட ஒழுங்கானவர்கள் என்பது காரணமன்று. காலிப் பாட்டிலுக்கு விலை இருந்தது. கிரேட்டில் ஒன்று குறைந்தால் கம்பெனி வண்டிக்காரர் நம் கணக்கில் பிடித்துக்கொள்வார். எனவே நின்று குடித்துவிட்டுப் பாட்டிலை வைத்துவிட்டுப் போ என்று நாம் சொன்னோம், வாடிக்கையாளரும் வைத்துவிட்டுப் போனார். பிளாஸ்டிக் பாட்டில் வந்த பிறகு கம்பெனிக்குக் காலிப் பாட்டில் தேவைப்படவில்லை. தேவையில்லாத பொருள் வரத்துக்காலுக்குப் போயிற்று.

இங்கே ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. எந்தத் தடிமனாக இருந்தாலும் கேரி பேக் கூடாது. துணி மாதிரி தோன்றும் நெய்யாத பையும் கூடாது. பிளாஸ்டிக் பூசிய டீக் கப்பும் கூடாது. பாதிக் கிலோ உளுந்தைக் கட்டிக் கொடுத்த மளிகைக் கடைக்காரர் அபராதம் கட்டினார். அவர் தலைக்கு மேலே சரம் சரமாகத் தொங்கும் கம்பெனிப் பாக்கெட்டுகளை யாரும் தொடவில்லை. ஆலையிலேயே பொதிந்து வரும் சரக்குக்குத் தொடக்கத்தில் விலக்கும் இருந்தது. சில்லறைக் கடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, கம்பெனி இல்லை, அதுதான் வித்தியாசம். தடை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பாரம் முழுவதும் கல்லாவின் மேலேயே இறங்கக் கூடாது என்கிறோம். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, தான் சந்தைக்கு அனுப்பும் பிளாஸ்டிக் உறையைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு விடும் பொறுப்பு உற்பத்தியாளருக்கே உண்டு. வாரந்தோறும் ஆர்டர் எடுக்க வரும் ஏஜென்சிப் பையனிடம், "உங்கள் கம்பெனியின் காலி உறையை எடுத்துக்கொள்ள வண்டி எப்போது வரும்?" என்று எல்லாக் கடையிலும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஒரு கடை கேட்டால் சிரிப்பார். ஒரு சாலை முழுவதும் கேட்டால் மேலே எழுதித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது தண்ணீர். குப்பையைவிட இதுதான் நம்மை அச்சுறுத்துகிறது.

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு நம் மாவட்டத்தில் கிடையாது. கண்மாயும் குளமும் ஊற்றும்தான் நம் முன்னோருக்குச் சோறு போட்டன. சமஸ்தான காலத்தில் திவானாக இருந்த சேஷய்ய சாஸ்திரி புதுக்கோட்டை நகரைச் செப்பனிட்டபோது குளங்களைத்தான் முக்கியமாகக் கவனித்தார். பல்லவன் குளமும் புதுக்குளமும் அவரால் சீரமைக்கப்பட்டன. புதுக்குளம் நகருக்குக் குடிநீர் தந்தது. இன்று குழாயில் காவிரி வருகிறது என்ற தெம்பில் குளத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நகரில் விடுதிகள் பெருகி, கோடையில் குழாய்த் தண்ணீர் போதாமல் போனால் லாரிகள் எங்கே வந்து நிற்கும்? சுற்றுக் கிராமங்களின் ஆழ்துளைக் கிணற்றருகே வந்து நிற்கும். வல்லத்திராக்கோட்டையும் அந்தச் சுற்றுக்குள் இருக்கும் ஊர்தான்.

2018 மே மாதம் இமாசலப் பிரதேசத்தின் சிம்லாவில் இதுதான் நடந்தது. சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஊர். தேவையான தண்ணீரில் ஏறத்தாழப் பாதிதான் கிடைத்தது. வெளியூர்க்காரர்களே, தயவுசெய்து இப்போது வராதீர்கள் என்று ஊர் மக்களே சமூக ஊடகங்களில் எழுதினார்கள். கோடை விழா தள்ளிவைக்கப்பட்டது. பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. ஆண்டின் நல்ல மாதத்தில் கடைக்காரர் ஈ ஓட்டினார். பிலிப்பைன்ஸ் நாட்டின் போரகாய் தீவு இதைவிட மோசம். கழிவுநீர் கடலில் கலக்கிறது என்று 2018 ஏப்ரல் கடைசியிலிருந்து ஆறு மாதம் அத்தீவையே சுற்றுலாவுக்கு மூடிவிட்டார்கள். ஆறு மாதம் வாடகை கட்டிக்கொண்டு கடையைப் பூட்டி வைத்திருப்பது என்றால் என்ன என்பதை நம்மவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வெளியூர்க்காரரை மட்டும் நம்பிக் கடையை மாற்றி அமைக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்ததே, நினைவிருக்கிறதா? தென்னை சாய்ந்தது, கம்பம் சாய்ந்தது, பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த நாட்களில் எந்தச் சுற்றுலா வண்டியும் இவ்வழியே வரவில்லை. மெழுகுவத்தி, தீப்பெட்டி, அரிசி, பருப்பு என்று கேட்டு வந்தவர் நம் பற்று நோட்டில் பெயர் உள்ளவர்தான். 2020-ல் ஊரடங்கின்போதும் அப்படியே. மளிகை ராக்கையைப் பாதியாகக் குறைத்துவிட்டுக் குளிர்பானப் பெட்டியும் சிப்ஸ் சரமுமாகக் கடையை நிரப்புவது வேகமான லாபந்தான். ஆனால் உளுந்தும் புளியும் கிடைக்காத கடைக்கு உள்ளூர்ப் பெண்கள் ஒருமுறை வருவார்கள், மறுமுறை வரமாட்டார்கள். வரத்துக்கால் அடைபட்டால் அடுத்த பெருமழையில் தண்ணீர் கண்மாய்க்குப் போகாமல் கடைத்தெருவுக்கு வரும் என்பதையும் இதோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். நனைந்த சர்க்கரை மூட்டையை எந்த ஏஜென்சியும் திரும்ப எடுக்காது.

சரி, வல்லத்திராக்கோட்டையில் என்ன செய்யலாம்? தண்ணீர் பாட்டிலுக்கு முன்பணம் வாங்கித் திருப்பித் தரலாமே என்று தோன்றும். இதில் ஒரு சிக்கல். பாட்டிலில் அச்சடித்த அதிகபட்ச விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் எடையளவுத் துறை வழக்குப் போடும். டாஸ்மாக் முறைக்கு நீதிமன்றமும் அரசும் பின்னால் இருந்தன. நாமாகத் தொடங்கினால் மாட்டிக்கொள்வோம். கலெக்டர் உத்தரவு வேண்டும். அதுவும் இந்தச் சாலை முழுவதற்கும் ஒரே உத்தரவாக வேண்டும். இல்லையென்றால் முன்பணம் கேட்காத அடுத்த கடைக்கு வண்டி போய்விடும்.

உத்தரவு வரும்வரை செய்யக்கூடியது வேறொன்று இருக்கிறது. விலையைக் கூட்டாமல், காலிப் பாட்டிலைக் கடைக்காரர் காசு கொடுத்து வாங்குவது. பாட்டிலுக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், சாக்கில் சேர்த்துப் பழைய சாமான் கடையில் எடைக்குப் போட்டால் போட்ட காசில் ஒரு பகுதி திரும்பும். மிச்சத்தைக் கடைகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பொறுக்கி வந்து கொடுப்பவர் ஊர்ப் பிள்ளைகளாகவே இருந்தாலும் சரிதான், வரத்துக்கால் சுத்தமாகும்.

தண்ணீர்ப் பந்தல் வைப்பதைப் பற்றி நம்மவர்களிடையே தயக்கம் இருக்கிறது. பாட்டிலில் கிடைக்கும் லாபம் பருப்பில் கிடைக்காது, மறுக்கவில்லை. ஆனாலும் தன் பாட்டிலில் தண்ணீர் நிரப்ப வண்டியை நிறுத்தியவர் வெறுங்கையோடு போவதில்லை. அவர் கையில் என்ன கொடுக்கிறோம் என்பதுதான் வியாபாரம். ஆதனக்கோட்டையில் சாலையோரம் வறுத்த முந்திரி விற்கிறார்களே, அதற்காகவே தஞ்சாவூர் வண்டிகள் அங்கே நிற்கின்றன. நம் பக்கத்தில் வடகாடு, கீரமங்கலம் பலாப்பழம் இருக்கிறது. கடலை இருக்கிறது, அதில் செய்த மிட்டாய் இருக்கிறது. செட்டிநாட்டுப் பக்கம் முடையும் பனையோலைக் கொட்டானில் கால் கிலோ கடலை மிட்டாயை வைத்துக் கொடுத்தால் வாங்குகிறவர் அந்தக் கொட்டானை வீட்டுக்குக் கொண்டுபோவார், சாலையில் எறிய மாட்டார். கம்பெனிச் சிப்ஸில் நமக்கு வரும் கழிவை விட இதில் கூடுதலாகவும் நிற்கும். சரக்குக் கெட்டுப்போகும் அபாயம் மட்டும் நம்முடையது. பலாச்சுளையை முந்திய நாளே வாங்கி வைக்காதீர்கள்.

முன்பண முறைக்கான மனுவைக் கலெக்டரிடம் கொடுப்பது பற்றி அடுத்த கூட்டத்தில் பேச இருக்கிறோம். வல்லத்திராக்கோட்டை உறுப்பினர்கள் வரும்போது, தங்கள் கடையில் வார நாளில் எத்தனை தண்ணீர் பாட்டில், சனி ஞாயிறில் எத்தனை என்று ஒரு மாதத்துக்கு எழுதி எடுத்து வரவும். அங்கே முதலில் கேட்கப்படும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.