நோய் தீராவிடினும் துயர் தணியும்

நோயைத் தீர்ப்பதே மருத்துவம் என்று நாம் யாவரும் எண்ணி வந்திருக்கிறோம். தீராத நோய்க்கு என் செய்வது? "இனி வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்னும் சொல்லோடு பெரும்பாலும் மருத்துவமனையின் கடமை முடிந்துவிடுகிறது. அதன் பின் நோயாளி படும் வலியையும் மூச்சுத் திணறலையும் குடும்பத்தார் செய்வதறியாது பார்த்து நிற்கின்றனர். இந்நிலையை மாற்றுதற்கென்றே நோய்த் தணிப்புச் சிகிச்சை என்னும் துறை வளர்ந்துள்ளது. மருத்துவரும் செவிலியரும் மட்டுமன்றி, துணை மருத்துவப் படிப்புப் பயிலும் நம் பிள்ளைகளும் அதனைக் கற்றல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தங்கவயல் மக்களுக்கு இஃது அயலான செய்தி அன்று. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குச் சுரங்கத் தொழிலை மேற்கொண்டனர். வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களினின்று வந்த நம் முன்னோர், காலப்போக்கில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இறங்கிப் பொன் எடுத்தனர். பொன்னை மேலே அனுப்பிவிட்டுப் பாறைத் தூசியைத் தம் நெஞ்சில் சுமந்து வந்தனர். 1940 முதல் 1946 வரை இங்கு 7,000-க்கு மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்தபோது, 100-க்கு 40 பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் காணப்பட்டது. இந்நோயை முற்றும் நீக்கும் மருந்து இல்லை. வேலையை விட்ட பின்னும் இது வளரும். காசநோய்க்கும் வழி திறந்துவிடும்.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. துளையிடும் இயந்திரங்கள் நின்றன. நெஞ்சுக்குள் சென்ற தூசியோ தன் வேலையை நிறுத்தவில்லை. தலையணைகளை அடுக்கி, இரவெல்லாம் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிய முதியோரை நம் லயன் வீடுகளில் காணாதார் யார்?

இத்துறைக்கு வழிகாட்டியவர் இங்கிலாந்து நாட்டுச் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். அவர் முதலில் செவிலியர். பின்னர் மருத்துவமனைச் சமூகப் பணியாளர். அதன் பின்னரே மருத்துவர். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவினார். உடல் வலி, மனத் துயர், குடும்பக் கவலை, ஆன்மத் தவிப்பு ஆகிய நான்கும் சேர்ந்ததே நோயாளியின் முழு வலி என்று அவர் கற்பித்தார். மூன்று தொழில்களையும் ஒருவரே செய்தமையால் அன்றோ இவ்வுண்மை அவருக்குப் புலனாயிற்று! யாவரும் அங்ஙனம் மூன்று படிப்புப் படித்தல் இயலாது. ஆதலின் பல தொழிலினரும் ஒன்றுகூடிப் பணியாற்றப் பழகுதல் வேண்டும்.

மருத்துவர் படுக்கையருகே நிற்பது சில நிமிடங்களே. இயன்முறைப் பயிற்சி அளிப்பவரோ அரைமணி நேரம் உடனிருக்கிறார். கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியை இயக்குபவர் அதே நோயாளியை வாரக்கணக்கில் நாள்தோறும் காண்கிறார். எனவே, மருத்துவரிடம் கேட்க அஞ்சிய கேள்வியை நோயாளி இவர்களிடம் கேட்கிறார்: "தம்பி, எனக்குக் குணமாகுமா?" கருவியை மட்டுமே கற்ற மாணவன் திகைக்கிறான், ஒன்று பொய் சொல்கிறான், அன்றேல் விலகிப் போகிறான்.

இதற்கும் கல்வி உண்டு. அருகில் அமர்தல், பேச்சை இடைமறியாது கேட்டல், "ஐயா, உங்களுக்கு எதனால் இந்த எண்ணம் வந்தது?" என்று வினவுதல், தான் அறியாததை அறிந்ததுபோல் சொல்லாமை, நோயாளியின் இசைவோடு மருத்துவருக்குத் தெரிவித்தல் ஆகியன இதன் பாடங்கள். ஒரு மாணவன் நோயாளியாகவும் மற்றொருவன் பணியாளனாகவும் நடித்துப் பழகுவர். பின்னர் ஆசிரியரோடு வீடுகளுக்குச் சென்று நேரிற் காண்பர். கரும்பலகையால் மட்டும் இக்கல்வி வாராது.

கைத்தொழில் நுட்பமும் இதில் நிரம்ப உண்டு. மூச்சுத் திணறுபவரை மேசைமீது கைகளை ஊன்றி முன்சாய்ந்து அமரச் செய்வதும், உதடுகளைக் குவித்து மெல்ல மூச்சை வெளிவிடப் பழக்குவதும் இயன்முறையாளர் பணி. முகத்தில் விசிறியின் காற்று படுவதுகூடத் திணறலைக் குறைக்கும். உண்ண மறுப்பவரை வற்புறுத்தாமல் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்கக் குடும்பத்தாருக்குச் சொல்லித் தருபவர் உணவியலாளர். கடும் வலிக்கு மார்ஃபின் மருந்தை மருத்துவரே அளிப்பார். அம்மருந்து முறைப்படி கொடுக்கப்படின் அஞ்சத்தக்கதன்று என்பதை ஏனையோரும் அறிந்திருத்தல் நலம்.

நம் நாட்டில் 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் இப்பணியைத் தொடங்கினர். அது பின்னர்க் கேரளம் எங்கும் வீடு தேடிச் செல்லும் இயக்கமாயிற்று. நமக்கு அண்மையில், பெங்களூர் மாரத்தஹள்ளியில் உள்ள கருணாஸ்ரயம் 1999 முதல் முற்றிய புற்றுநோயாளரைக் கட்டணமின்றிப் பேணி வருகிறது. 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இயன்முறைப் பயிற்சியும் நோய்த் தணிப்புப் பணியும் வீட்டுவாசலுக்கே செல்கின்றன.

எனினும் தேவை மிகப் பெரிது. உலகில் ஆண்டுதோறும் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இச்சிகிச்சை வேண்டியிருக்க, 100-க்கு 14 பேருக்கே கிட்டுகிறது என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. 2014இல் கூடிய உலக சுகாதாரப் பேரவை, மருத்துவப் பணியாளர் கல்வியில் இதனைச் சேர்க்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. இந்தியாவில் துணை மருத்துவத் தொழில்களின் கல்வியை ஒழுங்குசெய்ய 2021இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. பாடத்திட்டங்கள் சீர்ப்படும் இக்காலமே இப்பாடத்தைக் கேட்டுப் பெறத் தக்க காலம்.

விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் செல்லும் வண்டிகளில் சீசன் டிக்கெட்டோடு ஏறும் நம் பிள்ளைகளை ரயில்வே ஊழியராகிய நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர்களுள் இத்தகைய படிப்புப் படிப்போரும் உளர். பெற்றோர்களே! கல்லூரியில் சேர்க்கும்போது கட்டணத்தையும் வேலை வாய்ப்பையும் கேட்பதோடு, "தீராத நோயாளியைப் பேணக் கற்றுத் தருகிறீர்களா?" என்றும் கேளுங்கள். மாணவ மணிகளே! விடுமுறை நாளில் உங்கள் தெருவிலுள்ள ஒரு முதிய சுரங்கத் தொழிலாளியின் அருகே சிறிது நேரம் அமர்ந்து அவர் சொல்வதைக் கேளுங்கள். நம் சங்கமும் அனுபவமுள்ள மருத்துவர், செவிலியரை அழைத்து ஆண்டுக்கொருமுறையேனும் பயிற்சி முகாம் நடத்துதல் நன்று. மூச்சைக் கொடுத்துப் பொன் எடுத்த தலைமுறை அது. அம்மூச்சு அடங்கும் வரை அதன் துயரைத் தணிப்பது நம் கடன்.